டிரான்ஸ்பாண்டர்

அனுப்பும் 'டிரான்ஸ்மிட்டர்', பதில் தரும் 'ரெஸ்பாண்டர்' இரண்டையும் ஒட்டிப் பிறந்த சொல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரேடார் அலை பட்டதும் தானாகப் பதில் அனுப்பி 'நம் விமானம்தான்' என்று காட்டிய கருவிகளோடு வழக்குக்கு வந்தது.

செயற்கைக்கோளில் அது பதில் சொல்வதில்லை; வந்ததையே திருப்பி அனுப்புகிறது. சுமார் 36,000 கி.மீ. கடந்து நலிந்து வரும் அலையைப் பெருக்குகிறது, அதிர்வெண்ணையும் மாற்றுகிறது. சி-பேண்டில் 6 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஏறுவது 4 கிகாஹெர்ட்ஸ் அளவில் இறங்கும். இந்த மாற்றத்தில்தான் நுட்பமே இருக்கிறது. இரண்டும் ஒரே அதிர்வெண்ணாக இருந்தால், செயற்கைக்கோளின் உரத்த ஒலிபரப்பே பக்கத்திலுள்ள ஏற்பியின் காதை அடைத்துவிடும். தரையிலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்காது. அழகான தீர்வு!

1983-இல் விண்ணுக்குச் சென்ற இன்சாட்-1பி செயற்கைக்கோளில் இத்தகைய சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள் 12 இருந்தன.