ஊர் ஊராகப் போன படங்கள்

1905-ஆம் ஆண்டு திருச்சியில், தென்னிந்திய ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரில் பிறந்தவர். வயது 22. சம்பளம் மாதம் 25 ரூபாய் என்று சினிமா வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்போது டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்திருந்தார். உடம்புக்கு முடியாமல் போகவே, கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். விலை சுமார் 2000 ரூபாய். வின்சென்டின் சம்பளத்தில் ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 80 மாதம் ஆகும். அவர் அங்கே இங்கே புரட்டிப் பணத்தைக் கொடுத்துக் கருவியை வாங்கினார். வேலையை விட்டார். தமிழ்நாட்டில் சொந்தப் பொறுப்பில் ஊர் ஊராகப் படம் கொண்டுபோன முதல் தமிழர் அவர்தான் என்று தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவரிடம் இருந்த சரக்கு கொஞ்சம்தான். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு படமும் சில துண்டுப் படங்களும். இதை வைத்துக்கொண்டு திருச்சியில் கூடாரம் அடித்தார். பிறகு ரயில் போகிற இடமெல்லாம் போனார். வடக்கே லாகூர், பெஷாவர். கடல் தாண்டி பர்மா. 1909-ல் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடு பக்கம் கூடாரம் போட்டார். அவரிடம் கருவி வாங்கிய திருச்சூர் ஜோசப், பூரத் திருவிழாக் கூட்டத்தில் படம் காட்டி, கேரளத்தில் சினிமாத் தொழிலுக்கே அடி போட்டார்.

இன்றைக்கு ஓர் ஓவியரோ புகைப்படக்காரரோ தன் படங்களைத் தூக்கிக்கொண்டு பத்து ஊர் சுற்ற நினைத்தால் என்னென்ன கவலை வருமோ, அத்தனையும் வின்சென்டுக்கு வந்தன. சாமான்களை எப்படிக் கொண்டுபோவது? எங்கே இறக்குவது? மின்சாரம் எட்டாத ஊரில் வெளிச்சத்துக்கு என்ன வழி? யாரிடம் அனுமதி கேட்பது? டிக்கெட் எவ்வளவு வைத்தால் கூலிக்காரர் உள்ளே வருவார்? இவற்றுக்கெல்லாம் அவர் கண்ட விடை ஒன்றுதான்: ஜனங்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்குப் போய்விடுவது. இந்த நாட்டில் சின்னப் பணத்தில் நடந்த ஊர்சுற்றிக் காட்சிகள் பெரும்பாலும் இந்த விடையைப் பற்றிக்கொண்டுதான் பிழைத்தன.

அந்தக் காலப் படங்கள் பேசாதவை. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இப்போது வருவது யார், ஏன் அழுகிறாள், அடுத்து என்ன ஆகப்போகிறது என்று உரக்கச் சொல்வார். கருவியைக் கையால் சுற்றுகிறவர் ஒருவர், கதை சொல்கிறவர் ஒருவர். காட்சியின் உயிர் பெரும்பாலும் இரண்டாமவரிடம்தான் இருந்தது. புரியாத படத்தையும் ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததால்தான், ஜனங்கள் ஐரோப்பாவில் எடுத்த படத்தைக் கண்ணீர்விட்டுப் பார்த்தார்கள்.

1914-ல் வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் ஆனது. சாலைக்கு மட்டும் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர். 1942-ல் அவர் காலமானார்.

வின்சென்ட் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போனவர். தண்டவாளம் போகாத ஊர்களின் கதை வேறு. விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் பாதை திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு வந்து, அங்கிருந்து வடக்கே போளூர், வேலூர் பக்கம் திரும்பிவிடுகிறது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரை அது தொடவில்லை. நெல்லும் மணிலா என்னும் நிலக்கடலையும் விளைகிற சுற்றுக் கிராமங்களுக்கு இந்தச் சாலைதான் உலகம். இப்படிப்பட்ட ஊர்களுக்குப் படம் மாட்டுவண்டியிலும் லாரியிலும்தான் வர முடியும். டூரிங் டாக்கீஸ் என்ற தொழில் வளர்ந்ததே இந்தச் சாலையோர ஊர்களை நம்பித்தான்.

அந்தத் தொழிலின் கணக்கு கறாரானது. கூடாரத்துக்குள் பகல் வெளிச்சம் புகும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகு இரண்டே ஆட்டம். ஒரே ஒரு புரொஜெக்டர். ஆகவே ரீல் மாற்றுகிறபோதெல்லாம் இடைவேளை, ஒரு படத்துக்கு மூன்று நான்கு முறை. அந்த இடைவேளைகளை வைத்து முறுக்கு, சோடா, வறுத்த மணிலா விற்று ஒரு சின்னக் கடைத்தெருவே பிழைத்தது. முன்னால் தரை டிக்கெட். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே தட்டி. உயரமானவர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருக்கிறவர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஆட்டம் தொடங்கப்போகிறது என்பதை, கூம்பு ஒலிபெருக்கியில் போடும் சாமிப் பாட்டு நாலைந்து கிராமத்துக்குச் சொல்லிவிடும். அதைக் கேட்ட பிறகு சோறு தின்றுவிட்டுக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். பகலில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்படித்து, பிள்ளைகள் பின்னால் ஓட நோட்டீஸ் போட்டுக்கொண்டு போவார்கள்.

அரசாங்கத்தின் கண்ணும் இதன்மேல் இருந்தது. அந்நாளைய பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை. கூரையோ கித்தான் அல்லது கீற்று. 1918-ல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம் படம் காட்டும் இடத்துக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1955-ல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் விதிகளில் நிரந்தரக் கொட்டகை வேறு, டூரிங் கொட்டகை வேறு என்று பிரித்து, டூரிங்குக்குக் குறிப்பிட்ட காலத்துக்கே உரிமம் கொடுத்தார்கள். காலம் முடிந்தால் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வந்த பிறகு பிரித்த கூடாரங்கள் மறுபடி எழவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜாத்திரைத் திருவிழாக்களுக்கு லாரியில் போகிற கூடாரச் சினிமா இன்னும் கொஞ்ச காலம் நின்றது. அதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஷெர்லி ஆபிரகாமும் அமித் மதேஷியாவும் எடுத்த ஆவணப்படம் 2016-ல் கான் விழாவில் சிறப்புக் கவனம் பெற்றது.

சினிமாவுக்கு முன்னாலேயே திருவண்ணாமலைப் பக்கத்தில் கலை ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டுதான் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்தின் தாய்நிலங்களில் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். கூத்து ஜமா ஒரு பெட்டிக்குள் உலகத்தையே அடக்கிக்கொண்டு வரும். லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் அதற்குள் இருக்கும். மேடை வேண்டாம், தெரு போதும். ஊரில் வரி போட்டுப் பணம் சேர்ப்பார்கள். சாப்பாடு ஊர்ச் சாப்பாடு. கடைசி நாள் படுகளத்துக்குக் கோயில் மைதானத்தில் மண்ணாலேயே துரியோதனனைப் படுக்கவைத்துச் செய்வார்கள். ஓர் ஆள் அவன் மார்மேல் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிய உருவம். மீசைக்குக் கரி, உடம்புக்கு வண்ணப்பொடி. பீமன் வேடக்காரர் தொடையைப் பிளந்ததும் உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் வெளியே வரும். அத்தனை உழைப்பும் ஒரே நாளைக்கு. இதைவிடப் பெரிய மண் சிற்பக் காட்சியை எந்தக் கலைக்கூடமும் இவ்வளவு குறைந்த செலவில் வைத்ததில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையின் தம்பிரான் குடும்பத்தார் இந்தக் கூத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்கு உந்துதலே புரிசைக் கூத்துதான்.

ஓவியம் மட்டும் ஏன் ஊருக்கு வராமல் நின்றுவிட்டது? சென்னையில் நவீன ஓவியர்களுக்குத் துணிச்சல் இல்லாமல் இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைக் கூட்டினார். 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, நிலம் வாங்கப் பணம் எந்தப் புரவலரிடமிருந்தும் வரவில்லை. ஓவியர்கள் பாத்திக் துணி போட்டு விற்றார்கள். கைவினையில் வந்த காசில் கலைக்கு இடம் வாங்கினார்கள். அது பெரிய சாதனை. ஆனால் அவர்கள் கட்டியது ஓவியர் தங்குவதற்கான கிராமம். ஓவியம் மற்றக் கிராமங்களுக்குப் போகிற வழியை யாரும் அதே மும்முரத்தோடு போடவில்லை.

ரஷ்யாவில் அந்த வழியைப் போட்டார்கள். 1863-ல் 14 மாணவர்கள், அகாதெமி கொடுத்த போட்டித் தலைப்பில் வரைய மாட்டோம் என்று பீட்டர்ஸ்பர்க் கலை அகாதெமியிலிருந்து வெளியேறினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் கிராம்ஸ்கோய். 1870-ல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து பெரெத்விஷ்னிகி, அதாவது பயண ஓவியர் சங்கத்தை அமைத்தார்கள். 1871-ல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் கண்காட்சி. பிறகு அதே படங்கள் மாஸ்கோ, கீவ், கார்கிவ் என்று போயின. நுழைவுக் கட்டணமும் படம் விற்ற காசும்தான் முதல். அரசு உதவி கிடையாது.

நம் நாட்டில் அதற்கு மிக நெருங்கி வந்தவர் ஓர் ஓவியர் அல்லர், பத்திரிகையாளர். சென்னையில் பிறந்த பி. சாய்நாத். 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் கிராமத்துப் பெண்கள் வேலை செய்வதைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். நாற்று நடுதல், செங்கல் சுமத்தல், விறகு, தண்ணீர், சாணம் என்று கணக்கில் வராத உழைப்பு முழுவதும் அதில் இருந்தது. அந்தப் படங்களைக் கலைக்கூடச் சுவருக்குள் அடைத்துவிடாமல் பேருந்து நிலையங்கள், ஆலை வாசல்கள், விவசாயத் தொழிலாளர் கூட்டங்கள், பள்ளிகள், கல்லூரிகள் என்று கொண்டுபோனார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். படத்தில் இருக்கிற பெண்ணைப் போன்றவளே படத்தின் முன்னால் நின்றாள் என்பதுதான் அந்தக் கண்காட்சியின் பெருமை. கிராம வாழ்க்கையைப் பதிவுசெய்ய 2014-ல் அவர் தொடங்கிய பாரி இணையதளத்திலும் அது இப்போது இருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு தனிக் கலைஞர் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மூலப் படத்தைச் சட்டத்தோடு தூக்கி அலைய வேண்டாம். நல்ல அச்சுப்பிரதி முப்பது போதும், சுருட்டிக் குழாயில் போட்டால் பஸ்ஸில் மேலே வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்கள். கயிறும் துணிக் கிளிப்பும் போதும். தை அறுவடை முடிந்து காசு புழங்குகிற நாள், அம்மன் கோயில் திருவிழா, சந்தை நாள் ஆகியவற்றைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், படத்துக்குப் பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள். மௌனப் படக் காலத்துக் கதைசொல்லி செய்த வேலை அது. கலைக்கூடங்கள் அதை ஒரு சீட்டில் நாலு வரி ஒட்டி முடித்துவிடுகின்றன. கிராமத்தில் அது நடக்காது, நடக்கவும் கூடாது.

கீழ்பென்னாத்தூர் இன்று தாலுகா தலைமையிடம். 2011 தேர்தலிலிருந்து அதன் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. தாலுகா அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் அன்றாடம் வந்துபோகிறார்கள். கூட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் முதல் காட்சியைச் சென்னையில் வைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இத்தகைய ஊர்களைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். முதல் காட்சியையே இங்கே வையுங்கள். ஊர்க்காரர்களும் ஒன்று செய்யலாம்: பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வகுப்பறையை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி, வருகிற கலைஞருக்குச் சாவியைக் கொடுங்கள்.