மண்ணுக்குச் சோர்வா, வேரில் திருட்டா?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)

நிலம் நல்ல நிலம்தான். எருவும் போட்டாச்சு, தண்ணீரும் கட்டியாச்சு. ஆனாலும் தக்காளிச் செடி உச்சி வெயிலில் தலை தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. இலை வெளுத்து, வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கிறது. "மண்ணுல சத்து இல்லீங்க, இன்னும் ஒரு மூட்டை யூரியா போடணும்" என்று பேசிக்கொள்கிறோம். இதே மாதிரிப் பேச்சை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனி நாட்டு விவசாயிகளும் பேசினார்கள். அதனால் என்ன ஆயிற்று, உண்மை எப்படி வெளியே வந்தது என்பதை இன்றைக்குப் பார்க்கலாம்.

நமக்குச் சர்க்கரை என்றால் கரும்பு. குளிர் நாடான ஜெர்மனியில் கரும்பு வராது. பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த, வெள்ளைக் கிழங்குள்ள சர்க்கரை பீட்டுதான் அங்கே கரும்பு. 1800-க்குப் பிறகு அங்கே சர்க்கரை ஆலைகள் பெருகின. கிழங்குக்கு நல்ல கிராக்கி. ஆகவே ஒரே நிலத்தில் வருஷா வருஷம் அதையே போட்டார்கள். சில வருஷங்களில் மகசூல் சரியத் தொடங்கியது. "மண் பீட்டுக்குச் சோர்ந்துவிட்டது" என்றார்கள்.

அந்தக் காலத்தில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியல் அறிஞரின் கருத்து பிரபலமாக இருந்தது. பயிர் மண்ணிலிருந்து தாது உப்புகளை எடுக்கிறது, எடுத்ததை நாம் திருப்பித் தர வேண்டும் என்று 1840-இல் அவர் எழுதியிருந்தார். அது சரியான கருத்துதான். ஆனால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று எடுத்துக்கொண்டதில்தான் வம்பு வந்தது. உரத்தைக் கொட்டியும் சோர்ந்த நிலம் எழுந்திருக்கவில்லை. கிழங்கு வரத்து குறைந்து சில ஆலைகளை மூடவும் நேர்ந்தது.

1859-இல் ஹெர்மன் ஷாக்ட் என்ற தாவரவியல் அறிஞர், மெலிந்த பீட்டுச் செடியின் சல்லிவேர்களை உற்றுப் பார்த்தார். கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை மணிகள் அல்ல, பெண் நூற்புழுக்கள்! 1871-இல் அந்தப் புழுவுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ஷாக்டின் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள்.

நூற்புழுவை அதற்கு முன்பே பார்த்தவர்கள் உண்டு. 1743-இல் நீடாம் என்பவர் கறுத்துப்போன கோதுமை மணிகளைப் பிளந்து தண்ணீரில் போட்டார். உள்ளே நார் மாதிரி இருந்தவை நெளிய ஆரம்பித்தன. 1855-இல் இங்கிலாந்தில் பெர்க்லி என்பவர், கண்ணாடி வீட்டில் வளர்த்த வெள்ளரியின் வேரில் முடிச்சுகளையும் அதற்குள் புழுக்களையும் கண்டார். ஆனால் ஒரு நாட்டின் விவசாயத்தையே ஆட்டிவைக்கும் பகைவன் இது என்று உலகம் உணர்ந்தது பீட்டு நிலங்களில்தான்.

ஹாலே பல்கலைக்கழகத்தில் யூலியஸ் கூன் என்ற பேராசிரியர் இருந்தார். பண்ணை நிர்வாகியாக இருந்து பேராசிரியர் ஆனவர். மண்ணில் கால் வைத்தவர். நிலம் சோர்ந்ததற்குக் காரணம் இந்தப் புழுதான் என்று அவர் எடுத்துக்காட்டினார். புழு விரும்பும் முட்டைக்கோஸ் இனப் பயிரை நெருக்கமாக விதைத்து, புழு வேருக்குள் புகுந்து முட்டையிடும் முன்பே பயிரைப் பிடுங்கி அழிக்கச் சொன்னார். எலிக்குப் பொறி வைப்பது போல, புழுவுக்குப் பயிரையே பொறியாக வைத்தார்.

சரி, இந்தப் புழு வேரிலே என்னதான் செய்கிறது? கறையான் மாதிரி அரித்துத் தின்பதில்லை. குஞ்சுப் புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் வாயில் ஊசி போன்ற குழல் இருக்கிறது. வேர் நுனிப் பக்கம் துளைத்து உள்ளே போய், சத்தும் நீரும் ஓடுகிற குழாய்களின் பக்கத்தில் ஓர் இடம் பிடிக்கிறது. அங்கே ஓர் உயிரணுவில் ஊசியை இறக்கித் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. விசேஷமே இந்த உமிழ்நீரில்தான். பீட்டைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு என்றால் பக்கத்து அணுக்களின் சுவர்கள் கரைந்து, நூற்றுக்கணக்கான அணுக்கள் ஒன்றாகிவிடுகின்றன. நம் தக்காளி, கத்தரியில் வருகிற வேர் முடிச்சு நூற்புழு என்றால் சில அணுக்கள் ராட்சத அளவுக்குப் பருக்கின்றன. சுற்றியுள்ள வேர்ப் பகுதி வீங்கி முடிச்சாகிறது.

அதாவது, புழு தனக்கு வேண்டிய சமையல்கட்டைச் செடியையே கட்ட வைக்கிறது! இலை தயாரிக்கிற சர்க்கரையும் வேர் உறிஞ்சுகிற சத்தும் அங்கே போய்ச் சேர்கின்றன. புழு இருந்த இடத்திலேயே இருந்து உறிஞ்சுகிறது. தண்ணீர்க் குழாய்களும் சிதைந்துபோவதால்தான் ஈரமிருந்தும் செடி மத்தியானம் வாடுகிறது. இந்த நிலையில் உரத்தை மட்டும் கூட்டினால் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1901-இல் பார்பர் என்ற அறிஞர், நீலகிரி மாவட்டம் தேவாலாவில் தேயிலைச் செடியின் வேரில் முடிச்சு நூற்புழுவைக் கண்டு எழுதினார். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கப் பணியைத் தொடங்கி வைத்த அதே பார்பர்தான். 1961-இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நிபுணர், உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு வேரில் மஞ்சள் நிற முட்டைக்கூடுகளைக் கண்டார். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தோன்றிய புழு அது. அதற்கு இறக்கை கிடையாது. தானாக நடந்தால் மண்ணில் சில அடிகூடப் போகாது. விதைக்கிழங்கிலும் ஒட்டிய மண்ணிலும் மனிதனே அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தான். தாய்ப்புழு செத்தபின் அதன் தோலே கெட்டியான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல வருஷம் காக்கிறது. உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டதும் முட்டைகள் பொரிகின்றன. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது இதனால்தான். புழுவைத் தாங்கி வளரும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-இல் வெளியிடப்பட்டது.

அண்மைக் கதையும் அதேதான். 2016-இல், திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோட்டங்களில் புதிய வேர் முடிச்சு நூற்புழு வகை ஒன்று வந்திருப்பது தெரியவந்தது. கன்றின் வேர் மண்ணோடுதான் இந்தப் புழு தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது.

ஆகவே, பெருமக்களே, பயிர் வாடினால் முதலில் உரக்கடைக்கு நடக்காதீர்கள். மண்வெட்டியை எடுத்து நாலைந்து செடியை வேரோடு மெதுவாகத் தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். உளுந்து, நிலக்கடலை வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்ல முடிச்சு. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்; உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது; வேரே வீங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் வேரையும் வேரடி மண்ணையும் ஈரம் காயாமல் பையில் கட்டி, வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இருப்பது உறுதியானால், அறுவடை முடிந்ததும் பழைய வேர்களை வயலிலே விடாமல் பிடுங்கி எரியுங்கள். கோடை உழவு போட்டு மண்ணை வெயிலில் காய விடுங்கள். தக்காளிக்குப் பின் தக்காளி, கத்தரிக்குப் பின் கத்தரி என்று போகாமல், சோளம் போன்ற தானியத்தையோ செண்டுமல்லியையோ இடையில் கொண்டு வாருங்கள். நாற்றங்காலில் வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். நாற்றோ, கன்றோ, விதைக்கிழங்கோ வாங்கும்போது வேரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புழு ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் அடியோடு ஒழிப்பது கஷ்டம். வராமல் காப்பதுதான் சுலபம்.

ஜெர்மனி விவசாயிகள் பல வருஷம் மண்ணின் மேல் பழி போட்டு நஷ்டப்பட்டார்கள். நமக்கு அந்த நஷ்டம் வேண்டாம். வேரைப் பார்த்துவிட்டு உரத்தைப் போடுங்கள்.