400 கிராம் எல்லையும் விரைவேட்டுச் சிறு பீரங்கிகளும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டை மதில்களைத் தகர்த்த பெரும் பீரங்கிகளைப் பற்றியும், காலாட்படையின் துப்பாக்கிகளைப் பற்றியும் விரித்துரைப்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய விரைவேட்டுச் சிறு பீரங்கியோ அத்துணை கவனம் பெற்றதில்லை. அதன் குழலின் உள்விட்டம் 37 மில்லிமீற்றர். குண்டின் நிறை ஏறத்தாழ ஓர் இறாத்தல். இவ்வளவு எவ்வாறு அமைந்தது என வினவுவோர், பட்டறைகளை விட்டு, அருள் நோக்கோடு எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையை முதலில் நோக்குதல் வேண்டும்.

1863ஆம் ஆண்டில், பகைவரின் வெடிமருந்து வண்டிகளை அழித்தற்பொருட்டு, கடினமான பொருளிற் பட்டதும் வெடிக்கும் துப்பாக்கிக் குண்டொன்றினை உருசியர் ஆக்கினர். 1867இல் அது மேலும் மாற்றியமைக்கப்பட்டு, மென்மையான பொருளிற் படினும் வெடிக்கும் இயல்பினைப் பெற்றது. அத்தகைய குண்டு மனித உடலிற் பாயின் விளைவது யாதென்பதைக் கூறவேண்டுவதில்லை. உருசிய அரசு அதனைத் தானும் வழங்க விரும்பவில்லை; பிறர் வழங்குவதையும் விரும்பவில்லை. இரண்டாம் அலெக்சாந்தரின் அரசு விடுத்த அழைப்பினை ஏற்று, 1868ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே ஐரோப்பிய அரசுகளின் பேராளர் கூடினர். பகைவரின் படைவலியைக் குறைத்தலே போரின் முறையான நோக்கமென்றும், வலியிழந்தோரின் துன்பத்தை வீணே பெருக்குதல் அந்நோக்கத்திற்கு அப்பாற்பட்டதென்றும் அவர்கள் உடன்பட்டனர். 400 கிராமிற்குக் குறைந்த நிறையுடைய வெடிகுண்டுகளும் எரிகுண்டுகளும் விலக்கப்பட்டன. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் பிரித்தற்கு இட்ட கோடே இந்த 400 கிராம். ஆயினும் இவ்விலக்கு, கைச்சாத்திட்ட அரசுகள் தம்முள் பொரும்போது மாத்திரமே செல்லுபடியாகும் என்பதனை மறத்தலாகாது. ஆசிய ஆபிரிக்க மக்கள்மீது தொடுக்கப்பட்ட போர்களிலே அவ்வரசுகளைக் கட்டுப்படுத்தும் சொல் அதில் ஒன்றேனும் இல்லை.

இரண்டாண்டுகளில் பிரான்சும் பிரசியாவும் போரில் இறங்கின. பிரெஞ்சுப் படையினர் பெரிதும் நம்பியிருந்த மித்ரையேஸ் என்னும் 25 குழற் பொறி, சாதாரண குண்டுகளையே எறிந்தது. மறைபொருளாகக் காக்கப்பட்டமையால் அதனை இயக்கப் பயின்றோர் சிலரே. பீரங்கியைப்போல் நெடுந்தொலைவில் நிறுத்தப்பட்டமையால், பிரசியரின் உண்மைப் பீரங்கிகள் அதனை எளிதில் அடக்கின. விழுந்த இடத்தை வெடித்துக் காட்டாத குண்டினைக்கொண்டு தொலைவிலுள்ள இலக்கினைக் குறிபார்த்தலும் அரிது.

அக்காலத்திற் பிரான்சிலே தொழில் நடத்திவந்த அமெரிக்கர் பெஞ்சமின் ஹொட்ச்கிஸ் என்பார், 1870களில் வேறொரு பொறியை அமைத்தார். ஓர் அச்சினைச் சூழ ஐந்து குழல்கள். பின்னே ஒரு கைபிடி. அதனைச் சுழற்றக் குழல்கள் சுற்றும். ஆனால் இடைவிடாது சுற்றுவதில்லை. உள்ளேயுள்ள திருகின் புரி ஒருபாதி சாய்ந்தும் ஒருபாதி நேராகவும் வெட்டப்பட்டமையால், கைபிடி தொடர்ந்து சுழன்றபோதும், வேட்டுத் தீரும் கணத்திற் குழல்கள் அசைவற்று நிற்கும். கற்லிங்கின் பொறியிற் குழல்தோறும் தனித்தனிப் பூட்டு உண்டு. ஹொட்ச்கிஸின் பொறியிலோ ஐந்து குழலுக்கும் ஒரே தட்டூசியே போதுமானதாயிற்று. இதன் நுட்பம் பாராட்டற்பாலது. இதன் குண்டு ஏறத்தாழ 455 கிராம் நிறையுடையது. உள்ளே வெடிமருந்து நிரப்பப்பட்டது. சட்டம் வகுத்த எல்லைக்குச் சற்றே மேலாக அது நின்றது. இதனைத் தற்செயலெனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும் இப்பொறிக்குப் பெருவாழ்வு அளித்தது தரையன்று, கடலேயாம். றொபேட் வைற்ஹெட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1866இல் பியூம் துறைமுகத்தில் உருவாக்கிய டோப்பீடோ, சிறு படகொன்றும் பெரும் போர்க்கப்பலை மூழ்கடிக்கலாம் என்னும் நிலையை உண்டாக்கிற்று. 1878ஆம் ஆண்டு சனவரியில், கருங்கடலின் பத்தூம் துறையருகே துருக்கிக் கப்பலொன்று இவ்வாறே உருசியப் படகுகளால் மூழ்கடிக்கப்பட்டது. ஒருமுறை வெடித்தபின் மறுமுறை நிரப்புதற்கு நிமிடக்கணக்கிற் காத்திருக்கவேண்டிய பெரும் பீரங்கி, விரைந்துவரும் படகின்முன் பயனற்றது. எனவே கடற்படைகள் சிறு பீரங்கிகளை நாடின. சுவீடனில் பாம்கிராண்ட்ஸ் அமைத்து, நோர்டன்பெல்ட் தம் பெயரால் விற்ற ஓரங்குலப் பொறி, வேறு வழியிற் சென்றது. அதன் குண்டு 400 கிராமிற்கு மிகக் குறைந்தது. ஆகவே வெடித்தல் கூடாது. படகின் தகட்டினையும் கொதிகலனையும் துளைக்கத்தக்க திண்ணிய எஃகுக் குண்டாக அது செய்யப்பட்டது. ஒரே விதி, ஒருவரைக் குண்டினைப் பெருப்பிக்கவும் மற்றவரை அதனைக் கடினமாக்கவும் தூண்டிற்று.

படகுகள் பெருக்கவே குண்டுகளும் பெருத்தன. 1880களின் நடுப்பகுதியில், பித்தளை உறையுடன் கூடிய 47, 57 மில்லிமீற்றர் ஒற்றைக்குழற் பீரங்கிகள், கைபிடிப் பொறிகளைப் பின்னுக்குத் தள்ளின.

பின்னுதைப்பின் வலியையே வேலைவாங்கும் இயந்திரத் துப்பாக்கியை 1884இல் இலண்டனில் அமைத்த ஹைரம் மக்சிம், அம்முறையினையே 37 மில்லிமீற்றர் பீரங்கிக்கும் பொருத்தினார். பட்டியொன்றில் 25 குண்டுகள். விசையை அழுத்தியிருக்கும்வரை வேட்டுத் தொடரும். ஓசையினால் அதற்குப் 'பொம்-பொம்' என்னும் பெயர் வழங்கிற்று. பிரித்தானியத் தரைப்படை அதனை வேண்டாவென விட்டது. தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வால் குடியரசோ வாங்கிக்கொண்டது. 1899இற் போர் மூண்டபோது, தம் நாட்டிற் செய்த பொறியின் குண்டுகளைப் பிரித்தானிய வீரரே ஏற்க நேர்ந்தது. புகையற்ற மருந்தினால், அது மறைந்திருந்த இடத்தைக் கண்டறிதலும் கடினமாயிற்று. அக்குண்டுகளால் மாண்டோரினும் அவ்வோசையினால் மனங்கலங்கினோரே மிகுதி எனலாம். பிரித்தானியர் விரைந்து அப்பொறிகளை வருவித்தனர். 1900 பெப்ரவரியில் பார்டபேர்க் போரில் அவர்தம் பக்கத்திலும் அவை முழங்கின. அவ்வாண்டிலேயே, சிறைப்பட்ட போயர் வீரருட் பல்லாயிரவர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். தியத்தலாவை முகாமில் இருந்தோருட் பொம்-பொம்மை இயக்கியோரும் அதற்கு அஞ்சியோரும் இருந்திருத்தல் கூடும்.

1914ஆம் ஆண்டின் பெரும்போரில் விமானம் வந்தது, விதி நிலைதளர்ந்தது. ஜேர்மனியரின் ஆகாயக் கப்பல்களை எரித்தற்குப் பிரித்தானியர் துப்பாக்கியளவிலேயே எரிகுண்டுகளையும் வெடிகுண்டுகளையும் வழங்கினர். ஜேர்மனியர் பெக்கர் என்னும் 20 மில்லிமீற்றர் பீரங்கியை ஆக்கினர். அதன் வழியிலேயே பின்னர்ச் சுவிற்சர்லாந்தின் ஓர்லிகன் தோன்றியது. இவற்றின் குண்டுகள் 400 கிராமை எட்டவில்லை. ஆயினும் எவரும் உடன்படிக்கையை நீக்கவுமில்லை. மனித உடலினுள் வெடிக்கும் குண்டுகளை மனிதர்மேல் வழங்குதல் தகாது என்பதே, 2005இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வெளியிட்ட ஆய்வு காட்டும் இன்றைய வழக்கு. நிறை பற்றிய கணக்கு அவ்விதியில் இடம்பெறவில்லை.

37 மில்லிமீற்றர் என்னும் அளவோ எஞ்சி நின்றது. 1917இல் பிரெஞ்சு ரெனோல்ட் தாங்கியிற் பூட்டப்பட்ட சிறு பீரங்கியும், 1930களில் ஜேர்மனியர் தாங்கிகளைத் துளைத்தற்கெனச் செய்த பீரங்கியும் அவ்வளவினவே.