ராணுவம் இல்லை, பெரிய ரோந்துக் கப்பலும் ஒன்றுதான்: துவாலு நாட்டை யார் காவல் காக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே, பசிபிக் கடலில் 9 குட்டித் தீவுகள். அதுதான் துவாலு. மொத்த நிலப்பரப்பு வெறும் 26 சதுர கி.மீ. மக்கள் தொகை சுமார் 11 ஆயிரம். 1978-ல் பிரிட்டனிடம் இருந்து சுதந்திரம் பெற்ற இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது. இருப்பது போலீஸ் மட்டும்தான்.

இவ்வளவு சின்ன நாட்டுக்கு போலீஸ் போதாதா என்று தோன்றலாம். ஆனால் விஷயம் அவ்வளவு ஈஸி இல்லை.

போலீஸ் என்னென்ன வேலை பார்க்கிறது?

ஊர்க் காவல் மட்டும் இல்லை. சுங்கம், குடியேற்றம், சிறை, கடல் கண்காணிப்பு எல்லாமே துவாலு காவல்துறைக்குக் கீழேதான் வருகின்றன. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வசிக்கிறார்கள். அங்கிருந்து மற்ற தீவுகளுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். தொலைவில் உள்ள தீவுகளுக்கு ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அவசரம் என்று போன் செய்தால் உடனே கூடுதல் படை வந்து நிற்காது.

அதனால் ஊர்ப் பெரியவர்களின் பங்கு அதிகம். ஒவ்வொரு தீவிலும் 'ஃபலேகௌபுலே' என்ற பாரம்பரிய சபை உண்டு. 1997-ல் வந்த சட்டம் இதற்கு அதிகாரப்பூர்வ அந்தஸ்து கொடுத்தது. சிறு வழக்குகளை விசாரிக்கத் தீவு நீதிமன்றங்களும் இருக்கின்றன.

அப்போ உண்மையான சவால் எது?

கடல்தான். துவாலுவுக்கு உரிமையுள்ள கடல் பகுதி 7 லட்சம் சதுர கி.மீட்டருக்கும் அதிகம். அதாவது, நிலத்தைப் போல 25 ஆயிரம் மடங்குக்கு மேல்!

இந்தக் கடலில் இருக்கும் சூரை மீன்தான் நாட்டின் முக்கிய வருமானம். வெளிநாட்டுக் கப்பல்கள் இங்கே மீன்பிடிக்க நாள் கணக்கில் உரிமம் வாங்க வேண்டும். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 8 ஆயிரம் அமெரிக்க டாலர் என்று துவாலுவும் அண்டை நாடுகளும் சேர்ந்து விலை வைத்திருக்கின்றன. உரிமம் இல்லாமல் ஒரு கப்பல் மீன் பிடித்தால், அது நேரடியாக அரசு கஜானாவில் கை வைப்பது மாதிரி.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

போலீஸிடம் உள்ள பெரிய ரோந்துக் கப்பல் ஒன்றுதான். அதுவும் ஆஸ்திரேலியா கொடுத்தது. 2019-ல் வந்த 'தே மட்டைலி 2' கப்பல், 2023-ல் வனுவாட்டுவைத் தாக்கிய புயல்களில் சிக்கி, இனி சரிசெய்து பிரயோஜனம் இல்லை என்கிற அளவுக்குச் சேதமானது. மாற்றுக் கப்பல் கைக்கு வந்தது 2024-ல்தான்.

இதனால்தான் மற்றவர்களின் உதவி தேவைப்படுகிறது. சாலமன் தீவுகளில் உள்ள பசிபிக் மீன்வள முகமை, கப்பல்களின் நடமாட்டத்தைக் கவனித்துத் தகவல் தருகிறது. அமெரிக்காவுடனும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அதன்படி, துவாலு அதிகாரி அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பலில் ஏறிப்போய், தன் நாட்டுச் சட்டப்படி சந்தேகப் படகுகளைச் சோதிக்கலாம். கப்பல் அவர்களுடையது, சட்டம் இவர்களுடையது.

உதவிக்கு என்ன விலை?

2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவுடன் 'ஃபலேபிலி' ஒப்பந்தம் கையெழுத்தானது. துவாலு மொழியில் இந்தச் சொல்லுக்கு நல்ல அண்டை வீட்டாராக இருப்பது என்று பொருள். 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த இதன்படி, இயற்கைப் பேரிடர், பெருந்தொற்று, ராணுவத் தாக்குதல் என்றால், துவாலு கேட்டுக்கொண்டால் ஆஸ்திரேலியா உதவிக்கு வரும். ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் அங்கே குடியேறலாம்.

பதிலுக்கு, பாதுகாப்பு தொடர்பாக வேறு எந்த நாட்டுடன் கைகோர்ப்பதாக இருந்தாலும் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். ராணுவ விவகாரம் மட்டும் இல்லை, போலீஸ் பணி, எல்லைக் காவல், துறைமுகம், தொலைத்தொடர்பு எல்லாமே இதில் அடக்கம். 2022-ல் சாலமன் தீவுகள் சீனாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது ஆஸ்திரேலியாவை உலுக்கியது. அதன் பிறகு வந்த ஒப்பந்தம் இது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

இறையாண்மையை விட்டுக்கொடுப்பதா என்று துவாலுவுக்குள்ளேயே விமர்சனம் எழுந்தது. ஆனால் கடல் மட்டம் உயர்ந்து நிலமே மூழ்கும் அபாயத்தில் இருக்கும் நாடு இது. மக்கள் போய் வாழ இன்னொரு இடமும், கடலைக் காக்க ஒரு கப்பலும் துவாலுவுக்குத் தேவை. இந்த இரண்டையும் இப்போது ஒரே நாடுதான் கொடுக்கிறது. யாருடைய போலீஸை உதவிக்கு அழைப்பது என்பதைக்கூட துவாலு இனி தனியாக முடிவு செய்ய முடியாது.