குற்றப் புதினத்தில் தில்லியும் வறுமையும்: ‘தி ஒயிட் டைகர்’

முன்னுரை

பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட ‘தானவன்’ கதைகளின் தலைவன் ஒரு போலீஸ் நிபுணன். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ (1908) புதினத்தில் உண்மையை வெளிக்கொணர்பவன் துப்பறியும் கோவிந்தன். இம்மரபில் குற்றம் என்பது ஒழுங்கின் குலைவு. குற்றவாளி பிடிபடுவதே கதையின் நிறைவு. அவ்வொழுங்கு யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு இவ்வடிவத்தில் இடம் குறைவு. சென்னையில் பிறந்த அரவிந்த் அடிகா ஆங்கிலத்தில் எழுதி 2008இல் புக்கர் பரிசு பெற்ற ‘தி ஒயிட் டைகர்’ அவ்வினாவை எழுப்புகிறது. அதன் வரலாற்றுப் பின்புலத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தில்லியின் இரு தளங்கள்

1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்டது. பதவித் தரத்திற்கேற்பக் குடியிருப்புகள் வகுக்கப்பட்ட நகரம் அது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், துர்க்மான் வாயில் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் அண்டை நகரான குர்கானில் அடுக்குமாடிகள் பெருகின.

இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் ஆகியோரின் புதினங்கள் காட்டும் தில்லி, பெரும்பாலும் கல்வியாலும் அலுவலகப் பணியாலும் எட்டப்பட்ட நடுத்தர வர்க்கத் தில்லியாகும். அடிகாவின் பல்ராம், பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுத் தேநீர்க் கடை வேலைக்கு அனுப்பப்பட்ட ரிக்ஷாக்காரரின் மகன். காரோட்டியாகத் தலைநகர் வரும் அவன் குர்கான் அடுக்குமாடியின் அடித்தளத்தில் உறங்குகிறான். முதலாளி மேல்தளத்தில் வாழ்கிறார்.

சட்டமும் பணியாளும்

முதலாளியின் மனைவி ஓட்டிய கார் ஒரு குழந்தையின்மீது மோதுகிறது. அப்பழியைத் தான் ஏற்பதாகப் பல்ராம் கையொப்பமிட வேண்டியதாகிறது. 1999 ஜனவரியில் தில்லி லோதி காலனியில் சொகுசுக் கார் மோதிக் காவலர் மூவர் உள்ளிட்ட அறுவர் இறந்த வழக்கில், விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் 2008இல்தான். புதினம் அவ்வழக்கின் மறுபதிவு என்று கொள்வதற்கில்லை. எனினும், செல்வர் கார் மோதிய வழக்குகளில் நீதி எத்துணைக் காலம் தாழக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

பல்ராம் முதலாளியைக் கொன்று ஏழு இலட்சம் ரூபாயுடன் பெங்களூர் செல்கிறான். வாடகைக் கார் நிறுவனம் தொடங்குகிறான். துப்பறிவாளன் இல்லை, கதைசொல்லியே குற்றவாளி.

குற்ற இதழும் குற்றமும்

காரோட்டிகள் படிக்கும் மலிவான கொலைக்கதை இதழொன்று புதினத்தில் இடம்பெறுகிறது. அவ்விதழைக் கண்டு முதலாளிகள் அஞ்ச வேண்டியதில்லை என்கிறான் பல்ராம். அதில் கொலைகாரன் மனம் பிறழ்ந்தவனாகவே வருகிறான், இறுதியில் பிடிபடுகிறான், அவனைப் போலாக எவரும் விரும்புவதில்லை. பணியாளரை அடக்கிவைக்கும் காவலாகவும் குற்றக்கதை இயங்கக்கூடும் என்னும் இக்கருத்து, துப்பறியும் மரபின் மீதான திறனாய்வு எனலாம்.

முடிவுரை

இதனைக் கொலைக்கான நியாயமாகக் கொள்வது பொருந்தாது. பல்ராமின் விடுதலைக்குத் தன் குடும்பமே பலியாகியிருக்கக்கூடும் என்பதை அவன் அறிவான். பெங்களூரில் காவல்துறைக்குக் கையூட்டு அளிப்பவனும் அவனே. அவனது காரோட்டி ஒருவன் இளைஞன்மீது மோதிக் கொன்றபோது, வழக்கு அச்செல்வாக்கினால் அமுங்குகிறது. தப்பியவன் ஒருவன், அமைப்போ அப்படியே நிற்கிறது.

தமிழ்க் குற்றப் புதினங்களைப் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே உண்டு. அவற்றில் வரும் சமையற்காரரும் காவற்காரரும் வண்டியோட்டியும் ஐயத்திற்குரியோராக மட்டும் நிற்கின்றனரா, தம் குரலில் பேசுகின்றனரா என்னும் நோக்கில் அவை மீள்வாசிப்புக்கு உரியன.