காலியாகக் கிடந்த சுவர்

1963 மார்ச். மேற்கு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பர்னாஸ் கலைக்கூடத்தின் கண்காட்சி மாலை 7.30 மணிக்குத்தான் தொடங்கியது. கலைக்கூடம் டிவியின் மாலை நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தது. வாசலில் வெட்டிய மாட்டுத் தலை ஒன்று தொங்க, போலீஸ் வந்து அதை அகற்றியது. உள்ளே, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழைய டிவி பெட்டிகள். அவற்றின் குடலை உருவி மாற்றிப் போட்டிருந்தவர் 30 வயதுக் கொரியர், நாம் ஜூன் பைக்.

கொரியப் போர் மூண்டபோது குடும்பத்தோடு சியோலை விட்டு வெளியேறியவர் அவர். டோக்கியோவில் ஆராய்ந்தது ஷோன்பெர்க்கின் இசை. 1956-ல் ஜெர்மனிக்கு வந்ததும் இசைக்காகத்தான். டிவியின் உள்விவகாரத்தைத் தனியறையில் உட்கார்ந்து, பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துத்தான் படித்தார். கண்காட்சி நேரத்தில் ஒரு பெட்டி காலை வாரியது.

டிவி மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான கோளாறுதான் அது. திரையில் படத்தை மேலும் கீழும் விரிக்கும் சுற்று செத்துவிட்டால், மொத்தப் படமும் நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடாகச் சுருங்கிவிடும். பைக் அந்தப் பெட்டியை ஓரங்கட்டவில்லை. பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. அதற்கு 'ஜென் ஃபார் டிவி' என்று பெயரும் சூட்டினார். டிவிக்குள் ஒரு தியானம் நுழைந்துவிட்டது. அது உட்கார இடம் கிடைக்கத்தான் இன்னும் 11 ஆண்டுகள் ஆயின.

1964-ல் பைக் நியூயார்க் போனார். சில ஆண்டுகளில் தோளில் மாட்டிச் செல்லும் வீடியோ கேமரா கலைஞர்களின் கைக்கு வந்தது. வந்ததும் பலர் அதைத் தங்கள் பக்கமே திருப்பினார்கள். 1971-ல் வீட்டோ அக்கோன்சி திரையில் தெரிந்த தன் முகத்தின் நடுமையத்தை நோக்கி 20 நிமிடங்களுக்கு மேல் விரலை நீட்டியபடியே இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு புரூஸ் நௌமன் கட்டிய ஒடுங்கிய நடைக்கூடம் இன்னும் கலங்கடிப்பது. கோடியில் இருந்த டிவியை நோக்கி நடந்தவர்கள் அதில் கண்டது தங்கள் முதுகை. கேமரா பின்னால் வாசலருகே இருந்ததால், நெருங்க நெருங்க அந்த உருவம் சிறுத்துக்கொண்டே போயிற்று. மனித முகமும் முதுகும் திரையை நிறைத்தாகிவிட்டது. பைக்கின் கையிலோ மனிதரல்லாத ஒரு முகம் இருந்தது.

1974. நியூயார்க்கின் போனினோ கலைக்கூடத்தில் பைக்கின் நான்காவது கண்காட்சி. எல்லாம் அடுக்கியான பிறகும் ஒரு சுவர் மொட்டையாக நின்றது. அதை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். பழைய புத்தர் சிலை ஒன்று அவரிடம் இருந்தது. சிலைக்கு எதிரே ஒரு டிவி. டிவிக்குப் பின்னாலிருந்து சிலையைப் பார்க்க ஒரு கேமரா. பதிவு நாடா கிடையாது. புத்தர் தன்னைத் தானே, அந்தந்தக் கணத்தில், பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் அடைக்க வைத்த அந்தப் பொருள்தான் இன்று வீடியோ கலை பற்றிய புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் 'டிவி புத்தர்'.

அதே ஆண்டு கொலோன் நகரக் கண்காட்சியில் சிலை இருந்த இடத்தில் பைக்கே அங்கி அணிந்து உட்கார்ந்தார். 1976-ல் விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ், வீடியோ கலையின் ஊடகமே தன்மோகம்தான் என்று வாதிட்டார். அக்கோன்சிக்கு அது பொருந்தும். மோகம் என்ற சொல் இந்தச் சிலையிடம் செல்லாது என்பது என் உறுதியான எண்ணம். இமை தாழ்ந்த அந்த முகத்தில் தேடலே இல்லை.

1977-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 'டிவி புத்தரை' வாங்கியது. பார்க்க வருபவர் சிலையின் பின்னால் போய்க் குனிந்தால், புத்தரின் தோளுக்கு மேல் இன்னொரு தலை திரையில் முளைக்கிறது. விலகியதும் புத்தர் மட்டும்.