பித்தநாளமும் உயிருள்ளோர் கல்லீரல் கொடையும்

பாரிசில் குளோது குய்னோ என்ற அறுவை மருத்துவர் 1957-இல் வெளியிட்ட கல்லீரல் உடற்கூற்று நூல், மனிதக் கல்லீரலை மாற்றிப் பொருத்த எவரும் முயன்றிராத காலத்தில் எழுதப்பட்டதாயினும், உயிருள்ளவரிடமிருந்து கல்லீரலின் ஒரு பகுதியைப் பெறும் அறுவை முறைக்கு இன்றுவரை அடிப்படை வரைபடமாக விளங்குகிறது. இறந்தோரின் கல்லீரல் குழாய்களுக்குள் இறுகும் குழம்பைச் செலுத்தி, பின்னர் சதையை அரித்து நீக்கிப் பெற்ற வார்ப்புகளை ஆராய்ந்த குய்னோ, தனித்தனித் தமனியும் வாயிற்சிரையும் பித்தநாளமும் கொண்ட எட்டுக் கூறுகளாகக் கல்லீரலைப் பிரித்தார். பித்தநாளம் என்பது கல்லீரல் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய். வலப்புற முன்கிளையும் பின்கிளையும் ஒன்றாகி, அந்த வலது நாளம் இடது நாளத்தோடு சேரும் 'வழக்கமான' அமைப்பை அவர் 57 விழுக்காட்டினரிடம் மட்டுமே கண்டார். எஞ்சியோரில் மூன்று கிளைகளும் ஓரிடத்தில் கூடுவதும், ஒரு வலப்புறக் கிளை இடது நாளத்திலோ அதற்குக் கீழே பொது நாளத்திலோ தனித்துப் போய்ச் சேர்வதும் உண்டு.

இவ்வேறுபாடுகளின் முழுப் பொருளும் புலப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின. 1963-இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் செய்த முதல் கல்லீரல் மாற்று அறுவையும், பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றும் முயற்சியே; குழந்தை பிழைக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளிலும் நாளத்தை இணைத்த இடம் கசிவதும் சுருங்குவதுமாகவே இருந்தது. கேம்பிரிட்ஜின் ராய் கால்ன் 1970-களில் மாற்று வடிகால் முறைகளைத் தேடியதற்கு இதுவே காரணம். கல்லீரல் சதை தமனி, வாயிற்சிரை ஆகிய இரண்டாலும் ஊட்டம் பெறுகையில், பித்தநாளம் தமனியின் நுண்கிளைகளை மட்டுமே நம்பியிருக்கிறது. பொது நாளத்துக்கு வரும் குருதியில் பெரும்பகுதி கீழிருந்தே மேலேறுகிறது என்பதை நார்த்தோவரும் டெர்பிளாஞ்சும் 1979-இல் காட்டிய பிறகுதான், கொடையாக வந்த நாளத்தை நீளமாக விட்டால் அதன் நுனி ஊட்டமின்றிச் சாகும் என்பது தெளிவாயிற்று.

உயிருள்ளோர் கொடை குழந்தைகளுக்காகவே தொடங்கியது. சாவோ பாவ்லோவில் சில்வானோ ராயா 1988 இறுதியில் செய்த முயற்சி பலிக்கவில்லை. பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் 1989-இல் ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரல் பகுதியை அவருடைய மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பெடுக்க 1997 வரை சட்டம் இல்லாத ஜப்பானில் இம்முறை வேகமாக வேரூன்றியது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்றும், 1998-இல் தில்லியில், பித்தநாள அடைப்போடு பிறந்த தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்குத் தந்தை தந்த கொடையே. இக்குழந்தைகளுக்கு இடப்புறச் சிறுபகுதியே போதும். இடது நாளம் கல்லீரலுக்கு வெளியே நீண்டு ஓடுவதால் அதை வெட்டவும் குழந்தையின் குடல் வளையத்தில் தைக்கவும் ஓரளவு இடம் கிடைத்தது. தொடக்கக்கால வெற்றிகளில் இந்த உடற்கூற்று வாய்ப்புக்கும் பங்குண்டு என்றே சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு அந்த அளவு போதவில்லை. மக்குச்சி 1993-இல் மட்சுமோட்டோவில் இடது மடலைக் கொண்டு ஒரு பெரியவரைக் காப்பாற்றினார். 1996-இல் ஹாங்காங்கில் ஃபான் ஷியுங்-டாட் குழுவினர் வலது மடலைப் பெரியவர்களுக்குப் பொருத்தத் தொடங்கினர். சதை போதிய அளவு கிடைத்தது; நாளம் சிக்கலாயிற்று. வலது நாளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிலரிடம் இரு வலப்புறக் கிளைகளும் கூடிய வலது நாளமே இல்லை. ஆகவே எடுத்த மடலின் வெட்டுமுகத்தில் சில மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு, மூன்று வாய்கள் தெரிவது வழக்கமாயிற்று. அமெரிக்காவின் ஒன்பது மையங்களைத் தொகுத்த ஆய்வொன்றில், இறந்தோர் கொடை பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏற்பட்ட பித்தக்கசிவு, உயிருள்ளோர் கொடை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏற்பட்டது. உயிர் பிழைத்தவர்களும் காய்ச்சல், மஞ்சள்காமாலை, நாளத்தைத் திறந்து வைக்க மீண்டும் மீண்டும் ஸ்டென்ட் குழாய் எனப் பல மாதங்கள் துன்புற்றனர். மாற்று அறுவையின் பயனை உயிர்பிழைப்பு விகிதத்தால் மட்டும் அளப்பது எவ்வளவு குறையுடையது என்பதை இது உணர்த்துகிறது.

திருத்தங்கள் பலவும் வெட்டும் இடத்தைச் சுற்றியே அமைந்தன. அறுவைக்கு முன்பே எம்.ஆர்.சி.பி. எனும் காந்தப் படப்பிடிப்பால் நாளங்களின் அமைப்பு அறியப்படுகிறது. அறுவையின்போது பித்தப்பை நாளத்தின் வழியே நிறமியைச் செலுத்தி, வெட்டவிருக்கும் புள்ளியில் சிறு உலோகக் கிளிப்பை வைத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கிளிப்பின் நிழல் கிளைகள் கூடுமிடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்த பிறகே கத்தரி வைக்கப்படுகிறது. நுண்தமனிகள் அறாதிருக்க, நாளத்தைச் சுற்றியுள்ள உறையை உரிக்காமல் அதனோடு சேர்த்தே வெட்டுகிறார்கள். பெறுநரின் நாளம் நோயற்றிருந்தால் குடலுக்குப் பதிலாக அதனோடேயே தைக்கும் முறையும் பரவியது. பின்னால் சுருக்கம் ஏற்பட்டாலும் எண்டோஸ்கோப்பியால் எளிதில் எட்டலாம் என்பது அதன் பயன்.

வெட்டுக்கோடு ஓரிரு மில்லிமீட்டர் கொடையாளர் பக்கம் நகர்ந்தால் பெறுநருக்கு ஒரே வாய் கிடைக்கும். ஆனால் நோயேதுமின்றி மேசைக்கு வந்த கொடையாளரின் எஞ்சிய நாளம் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. அத்தகைய நிலையில் கோட்டைப் பெறுநர் பக்கமே வைத்து, இரண்டு வாய்களையும் தனித்தனியே தைக்கும் கூடுதல் உழைப்பை அறுவைக் குழு ஏற்றுக்கொள்வதே இன்று மையங்களில் நிலைபெற்றுள்ள நெறி.